மணிக்கட்டு விஷயமாக அக்கா வர வேண்டாம் என்பது குறித்து

அன்பும் மரியாதையும் கலந்த அக்காவுக்கு, உன் தம்பி பணிவுடன் தெரிவித்துக்கொள்வது. இங்கே நான், உன் தம்பி மனைவி, மாடி வீட்டுக்காரர், தண்ணீர்க் குழாய் அனைவரும் நலம். என் வலது கையை மட்டும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டாம். அங்கே உன் நலத்தையும், அத்தானின் முழங்கால் நலத்தையும் தனித்தனியாக அறிய ஆவல்.

கடிதம் உன் தம்பி மனைவியின் கையெழுத்தில் இருப்பதைப் பார்த்துப் பதறிவிடாதே. சொல்வது நான், எழுதுவது அவள். போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போனைக் காதில் வைத்து நான்கு நிமிடம் பிடித்தால் கட்டைவிரலிலிருந்து நடுவிரல்வரை மரத்துப்போய்விடுகிறது. உன்னோடு நான்கு நிமிடத்தில் பேசி முடித்தவர் நம் குடும்பத்தில் இதுவரை யாரும் இல்லை. ஸ்பீக்கரில் போட்டால், நீ என்னைத் திட்டுவதை மாடி வீட்டுக்காரர் கேட்டுவிட்டு மறுநாள் காலை எனக்கு ஆறுதல் சொல்ல வருகிறார். ஆகவே கடிதம். இவள் பள்ளிக்கூட ஆசிரியை என்பதால் நான் சொல்லச் சொல்லத் திருத்தப் பார்க்கிறாள். சொன்னதை மட்டும் எழுத வேண்டும் என்று எங்களுக்குள் ஒப்பந்தம். (நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. இடையிடையே அடைப்புக்குறிக்குள் வருவது நான்தான், அண்ணி.)

விஷயம் இதுதான். வருகிற வியாழக்கிழமை எனக்குக் கையில் அறுவை சிகிச்சை என்று கேள்விப்பட்டு நீ பஸ்ஸில் இடம் பிடித்திருப்பதாகத் தெரிகிறது. யார் சொன்னார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை, சொன்னவர்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறார். அந்த டிக்கெட்டை ரத்து செய்துவிடு. அறுவை சிகிச்சை நடக்கப்போவதில்லை. நீ வந்து இறங்கி, நடக்காத சிகிச்சைக்குத் துணையாக உட்கார்ந்திருப்பது யாருக்கும் பயன்படாது. காரணங்களைக் கீழே விவரமாகச் சொல்கிறேன்.

உனக்குத் தெரியும், நான் ஆஸ்பத்திரியில் கைப் பிரிவுக்கு எழுத்தர். கை முறிந்தவர், விரல் நசுங்கியவர், விரல் மடங்காதவர், மடங்கிய விரல் நிமிராதவர் எல்லோரும் முதலில் பார்ப்பது என் முகத்தைத்தான். எனக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு கண்ணாடி, அதன் அடியில் அரைவட்டமாக ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியாகச் சீட்டை வாங்கி, தேதி முத்திரை குத்தி, திருப்பித் தர வேண்டும். மேசை உயரம், நாற்காலி தாழ்வு. அதனால் மணிக்கட்டு எப்போதும் மேசையின் தகர விளிம்பில் அழுந்திக்கொண்டு மேல்நோக்கி வளைந்தே இருக்கும். ஒரு நாளைக்கு இருநூறு சீட்டு. மிச்ச நேரத்தில் டாக்டரம்மா சொல்லச் சொல்லக் கணினியில் கடிதம் அடிப்பேன். பத்தொன்பது வருடமாக அதே விளிம்பு, அதே வளைவு. மணிக்கட்டை நேராக வைத்திருங்கள், கெட்டியான விளிம்பில் ஊன்றாதீர்கள், அரை மணிக்கு ஒருமுறை கைக்கு ஓய்வு கொடுங்கள் என்று நோயாளிகளுக்குக் கொடுக்கும் அறிவுரைத் தாளை அடித்தவனும் நான்தான். அது தீர்ந்துபோன நாளில் பிரதி எடுக்கும் இயந்திரம் படுத்துக்கொண்டதால், நூற்றிருபது தாளையும் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரே மூச்சில் கையால் எழுதித் தீர்த்தவனும் நான்தான்.

ஆரம்பம் போன வருடம். செய்தித்தாளை விரித்துப் பிடித்தால் விரல்களில் எறும்பு ஊர்வது போல இருக்கும், கையை உதறினால் போய்விடும். போனைப் பிடித்தாலும் அதே கதை. போனில்தான் கோளாறு என்று புதுப் போன் வாங்கினேன், அது பழையதைவிடக் கனம். அடுத்தது சட்டைப் பொத்தான். துளை எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை. ஒருநாள் மேல் பொத்தானை அடுத்த துளையில் மாட்டிக்கொண்டு, காலர் ஒரு பக்கம் காதைத் தொட ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசல் காவலர் பத்து வருடமாகப் பழகியவர், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பெரியவரே, சீட்டு வாங்குற வரிசை அந்தப் பக்கம்" என்றார். அடுத்தது டம்ளர். ஒரே மாதத்தில் மூன்று கண்ணாடி டம்ளரும் ஒரு பீங்கான் தட்டும் போயின. பாத்திரம் கழுவுவதிலிருந்து தப்பிக்கத் திட்டம் போட்டு உடைக்கிறேன் என்று சொல்லி, இவள் எல்லாவற்றையும் எவர்சில்வருக்கு மாற்றினாள். எவர்சில்வர் உடைவதில்லைதான், ஆனால் ஒவ்வொரு முறை விழும்போதும் நான் தப்பு செய்துவிட்டேன் என்று வீடு முழுக்க அறிவிக்கிறது. (அப்போது எனக்குத் தெரியாது, அண்ணி. தெரிந்திருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டேன்.)

என்ன நோய் என்று எனக்கு முதல் வாரமே தெரியும். தெரிந்ததுதான் தொல்லை. தினம் எட்டுப் பேராவது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, "சார், இந்த மூணு விரலும் மரத்துப்போகுது, சுண்டு விரல் மட்டும் நல்லாதான் இருக்கு" என்பார்கள். நான் சீட்டில் 'கார்பல் டனல், சந்தேகம்' என்று, அதாவது மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது என்று, எழுதி அனுப்புவேன். கேட்டுக் கேட்டு எனக்கும் அப்படி ஒரு நினைப்பு வந்துவிட்டது, அவ்வளவுதான் என்று முடிவு செய்தேன். எலும்பு முறிந்தவர்களையும் பத்தொன்பது வருடமாகப் பார்க்கிறேனே, ஒருநாளாவது என் எலும்பு முறிந்ததாக எனக்கு நினைப்பு வந்ததா என்று நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

நீ அனுப்பிய எண்ணெயை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. நீ சொன்னபடி மணிக்கட்டை அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். ஏற்கெனவே நெருக்கடியான இடத்தை இன்னும் நெருக்கினால் என்ன ஆகும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். உன்னைக் குறை சொல்லவில்லை, வாசனை நன்றாக இருந்தது. (மிச்சத்தைக் கதவுக் கீலுக்கு விட்டேன். கதவு இப்போது சத்தமே போடுவதில்லை.) மாடி வீட்டுக்காரர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, "தினம் முந்நூறு தடவ அமுக்குங்க, நரம்பு நிமிர்ந்து நிக்கும்" என்றார். நான்காவது நாள் பந்து நன்றாக இருந்தது, நான் ரப்பர் மாதிரி ஆகிவிட்டேன். பிறகு மணிக்கட்டை நேராகப் பிடித்து வைக்கிற பட்டை. உள்ளே தகடு வைத்தது, தூங்கும்போது மாட்டிக்கொள்ள வேண்டும், ஆரம்பத்திலேயே மாட்டினால் பலருக்கு அதுவே போதும் என்று அறிவுரைத் தாளில் மூன்றாவது வரியில் இருக்கிறது. எங்கள் பிரிவிலேயே வாங்கலாம். வாங்கினால் எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்று மூன்று தெரு தள்ளி ஒரு மருந்துக் கடையில் திருடன் மாதிரி நுழைந்து வாங்கி வந்தேன். அவசரத்தில் இடது கைப் பட்டையை வாங்கி வலது கையில் மூன்று வாரம் மாட்டியிருக்கிறேன். உள்ளங்கைப் பக்கம் இருக்க வேண்டிய தகடு புறங்கையில் உட்கார்ந்திருந்தது. இடது எது, வலது எது என்று பார்த்து வாங்குங்கள் என்று தினம் பத்துப் பேருக்குப் படித்துப் படித்துச் சொல்கிறவன் நான். இவளிடம் சுளுக்கு என்று சொல்லிவைத்திருந்தேன். (தூக்கத்தில் அந்தத் தகட்டால் என் மூக்கில் ஒரு போடு போட்டார். பள்ளிக்கூடத்தில் கதவு இடித்ததாகச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை.)

கடைசியில் நரம்புச் சோதனை செய்கிறவரிடம் போனேன். நல்ல மனிதர், சாப்பாட்டு இடைவேளையில் கதவைச் சாத்திவிட்டு என் கையில் ஒயர்களை ஒட்டினார். சின்னச் சின்னதாக மின்சாரம் சுண்டிவிடும், அவர் திரையைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார். "சார், இத ஒரு சந்துன்னு வெச்சுக்கோங்க. மணிக்கட்டுக்குள்ள ஒன்பது தசைநார் இந்தச் சந்து வழியாதான் போகுது, கூடவே ஒரே ஒரு நரம்பு. உள்ள வீங்கிருச்சுன்னா ஒன்பது பேரும் இடிச்சுக்கிட்டுப் போயிருவாங்க, நரம்புதான் செவுத்தோட செவுரா நசுங்கும். சுண்டு விரலுக்கு நரம்பு வேற தெரு வழியா வருது. அதான் அது பாட்டுக்கு ஜம்முனு இருக்கு" என்றார். வருடக்கணக்கில் இதைத் தாளில் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவனுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அங்கேதான், அக்கா, நான் ஒரு தவறு செய்தேன். டாக்டரம்மா சோதனைப் படத்தையும் சோதித்தவர் எழுதிய குறிப்பையும் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும், ஆனால் அது என் கை என்று அவருக்குத் தெரியக் கூடாது. பெயர் போடாமல் எண் மட்டும் போட்டுக் கோப்பு திறக்கலாம், அதற்கு விதியில் இடம் இருக்கிறது. முகவரி இல்லாமல் மட்டும் திறக்கக் கூடாது. அந்த விதியைக் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியவன் நான். பொய் முகவரி எழுத மனம் வரவில்லை, நம் வீட்டு முகவரியையே எழுதினேன். கோப்பு டாக்டரம்மாவிடம் போயிற்று. அவர் என்னைக் கூப்பிட்டு, "ஒரு லெட்டர் அடிக்கணும், உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன்.

"ஆண், வயசு அம்பத்தி நாலு. கட்டைவிரல் அடியில இருக்கிற சதை வத்த ஆரம்பிச்சிருக்கு. பட்டை, ஊசி எல்லாத்தையும் தாண்டியாச்சு. ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணும். இன்னும் தள்ளிப்போட்டா உணர்ச்சி முழுசாத் திரும்பும்னு நான் உத்தரவாதம் தர மாட்டேன்" என்றார். நான் அதை நல்ல தமிழாக்கி அடித்தேன். "யாருங்க இந்த ஆளு? இவ்வளவு நாளா எங்க இருந்தாராம்?" என்றார். "தெரியலைங்க டாக்டர்" என்றேன். "'தங்கள் அலட்சியம் மிகவும் வருந்தத்தக்கது'ன்னு ஒரு வரி சேருங்க" என்றார். சேர்த்தேன். 'வருந்தத்தக்கது' என்பதை மூன்று முறை அழித்து அடிக்க வேண்டியிருந்தது. "என்ன இன்னைக்கு இவ்வளவு மெதுவா அடிக்கிறீங்க?" என்றார். விசைப்பலகை சரியில்லை என்று சொல்லிவைத்தேன். மறுநாள் காலை புது விசைப்பலகை வந்து இறங்கிவிட்டது.

கோப்பில் முகவரி இருந்தால் கடிதம் தபாலில் போய்விடும், அது தபால் அறையின் வேலை, என் கைக்குத் திரும்பி வராது. நான் அடித்த கடிதம் எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. 'கோப்பு எண் 4417க்கு உரியவருக்கு' என்று போட்டிருந்ததை இவள் பிரித்து, வாசற்படியில் நின்றபடியே படித்திருக்கிறாள். சாயங்காலம் நான் வந்தபோது கடிதத்தை என் முன்னால் வைத்துவிட்டு, "நாலாயிரத்து நானூத்திப் பதினேழுக்குச் சாப்பாடு போடலாமா?" என்றாள். அப்புறம் இரண்டு நாள் பேச்சில்லை.

மூன்றாம் நாள் வேலை நேரத்தில் கைப் பிரிவுக்கு ஒரு போன் வந்தது. நான்தான் எடுத்தேன், நான்தானே எடுக்க வேண்டும்.

"எங்க வீட்டுக்காரருக்கு ஆபரேஷனுக்கு நாள் வேணும்."

குரல் யாருடையது என்று தெரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதினைந்து பேர் நிற்கிறார்கள். "நோயாளி பேரு சொல்லுங்க" என்றேன்.

"உங்களுக்கே தெரியும்."

"பேரு சொன்னாத்தான் எழுத முடியும்மா."

சொன்னாள். இருபத்தெட்டு வருடத்தில் அவள் வாயால் என் பெயரை முழுதாக, முதலெழுத்தோடு கேட்டது அதுதான் முதல் தடவை. போனில் வந்ததைப் பதிவேட்டில் எழுதியே ஆக வேண்டும், எழுதினேன். அதற்குள் என் கை மரத்துப்போனதால் போன் மேசையில் விழுந்து, அவள் சொன்ன மிச்சத்தை வரிசையில் முதலாவதாக நின்ற அம்மாள்தான் கேட்டார். அவர் என்னைப் பார்த்து, "வீட்ல ரொம்ப கவலைப்படுறாங்க சார்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, மனிதாபிமானம்தான் பொறுப்பு. பட்டியலை எழுதுவது நான், அதுவும் பென்சிலில். டாக்டரம்மா முந்தின நாள் மாலைதான் பார்ப்பார். முதல் தேதி நெருங்கியபோது குழாய் பழுது பார்க்கிற ஒருவர் வந்தார். கை இல்லாவிட்டால் அவர் பிழைப்பு என்ன ஆவது? என் இடத்தை அவருக்குக் கொடுத்தேன். இரண்டாவது தேதிக்கு முடி திருத்துகிற ஒரு பெண்மணி வந்தார், கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை என்று அழுதார். கொடுத்தேன். இப்போது மூன்றாவது தேதி, அதாவது நீ டிக்கெட் எடுத்திருக்கிற வியாழக்கிழமை. ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவர் ஒருவர் இருக்கிறார், அவருக்குக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். ஊருக்கே ரொட்டி போடுகிற கையையும், சீட்டில் முத்திரை குத்துகிற கையையும் எடைபோட்டுப் பார். (குழாய்க்காரருக்கு அடுத்த வாரமே தேதி இருந்ததாம். என்னிடம் அவரே சொன்னார், நம் வீட்டுக் குழாயைச் சரிசெய்ய வந்தபோது.)

பயம் என்று மட்டும் நினைத்துவிடாதே. பயப்பட அதில் ஒன்றுமே இல்லை. இருபது நிமிட வேலை. அந்தச் சந்துக்குக் கூரை மாதிரி மூடியிருக்கிற நாரை வெட்டி இடம் உண்டாக்குவார்கள், அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கையை மட்டும் மரக்கவைப்பார்கள், என் விஷயத்தில் அதில் பாதி ஏற்கெனவே ஆகியிருக்கிறது. விழித்துக்கொண்டேதான் படுத்திருக்க வேண்டும். நடுவில் ஒரு பச்சைத் துணியைத் திரையாகக் கட்டுவார்கள். திரைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் கை. நான் பேசிக்கொண்டிருப்பேன், அவர்கள் வெட்டிக்கொண்டிருப்பார்கள். "ஒண்ணுமில்லைங்க, போய்ட்டு வந்துடுங்க" என்று இதுவரை நாலாயிரம் பேருக்காவது ஓட்டை வழியாகச் சொல்லியிருப்பேன். எல்லோரும் போய்விட்டு வந்துவிட்டார்கள். அதனால் பயம் என்பது காரணமே இல்லை.

காரணம் வேலை. நான் விடுப்பில் போனால் அந்த நாற்காலியில் யார் உட்காருவது? போன தடவை காய்ச்சலில் இரண்டு நாள் போகாதபோது கால் பிரிவு எழுத்தரை உட்காரவைத்தார்கள். பழக்கதோஷம், கைக்கு வந்த ஏழு பேரைக் கால் பிரிவுக்கு அனுப்பிவிட்டார். அதில் ஒருவருக்குக் காலில் எக்ஸ்ரேயே எடுத்துவிட்டார்கள். கால் நன்றாக இருக்கிறது என்று அவருக்குச் சந்தோஷம்தான், ஆனால் விரல் அப்படியே இருந்தது. இதையெல்லாம் யார் யோசிக்கிறார்கள்?

அக்கா, உண்மையைச் சொன்னால் எனக்கு அலுத்துவிட்டது. காலையில் எழுந்ததும் கையை உதறுவது, பொத்தானோடு போராடுவது, பேனா விழுந்தால் யாரும் பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிவது, யார் கேட்டாலும் நன்றாக இருக்கிறேன் என்பது. இத்தனைக்கும் மேலே நீயும் வந்து உட்கார்ந்து என் கையைப் பார்த்துக் கண் கலங்கினால் என்னால் தாங்க முடியாது. இருக்கிற கையை வைத்துக்கொண்டு ஓய்வு பெறும்வரை இன்னும் ஆறு வருடத்தை ஓட்டிவிடுவேன். இடது கை இருக்கிறது, சுண்டு விரல் இருக்கிறது.

ஆகவே டிக்கெட்டை ரத்து செய்த விவரத்தை ஒரு வரியில் தெரியப்படுத்தவும். அத்தானுக்கு என் வணக்கம். முழங்காலில் எண்ணெய் தேய்க்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லாதே, ஆனால் தேய்க்க விடாதே. பிள்ளைகள் எல்லோரும் நீடூழி வாழ்ந்து, கைகால் சுகத்தோடு இருக்க என் ஆசிகள். எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இப்படிக்கு,
எப்போதும் உன் சொல் கேட்கும் தம்பி

பி.கு. அண்ணி, இது நான். மேலே உள்ளதை அவர் சொன்னபடியே எழுதினேன். ரொட்டிக் கடைக்காரருக்குப் போன மாதமே ஆபரேஷன் நடந்து, தையல் பிரித்து, இப்போது அவர் மாவு பிசைகிறார். நேற்றுக்கூடக் கடையில் பார்த்தேன். "உங்க சார் சொன்ன தைரியத்துலதாம்மா போய்ப் படுத்தேன்" என்றார். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன், காதில் விழாத மாதிரி இருந்துவிட்டார்.

இன்று கடிதத்தைச் சொல்லி முடித்ததும், தபால் உறை வாங்கி வருகிறேன் என்று கடைக்குப் போனார். நான் கொல்லைப்புறத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் வாசற்கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கிறார், ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கை சட்டைப் பைக்குள் இருக்கிறது, மனிதர் அசையவில்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. கதவைத் திறந்து என்ன ஆயிற்று என்று கேட்டேன். "சாவி இருக்கா இல்லையான்னு தெரியல. கை உள்ளதான் இருக்கு, ஒண்ணும் தெரியல. நீ எடு" என்றார். நான் அவர் பைக்குள் கைவிட்டேன். சாவி அவர் விரல்களுக்கு நடுவிலேயே இருந்தது, அண்ணி.

உள்ளே வந்து உட்கார்ந்தார். அப்புறம் கடிதத்தைக் கேட்டு வாங்கி, பேனாவை இடது கையில் பிடித்துக்கொண்டார். கீழே இருப்பது அவரே எழுதியது.

அக்கா
பயமாக இருக்கிறது
தேதியை மாற்றவில்லை
வியாழன் காலை எட்டு மணி
வா